சத்துக்குறைவு

அன்று காலையிலிருந்து டாக்டர் வசந்தாமணி ஒரு நோயாளியையும் முழுசாகப் பேச விடவில்லை. தொண்டை வலி என்று வந்தவரை வாயைத் திறக்கச் சொன்னாள், அவர் திறப்பதற்குள் மூடச் சொன்னாள். பேனாவைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப்போட்டு, வெயில் பட்டதும் மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தாள். இழுத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மின்விசிறியைத் திட்டினாள்.

சாயங்காலம் அவளுக்கு ரிசல்ட் வருகிறது.

போன வாரம் கோயமுத்தூரில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்திருந்தார்கள். வயது அறுபத்தொன்று, மாதக்கணக்கில் முதுகு வலி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற அளவுக்கு ரத்தக் குறைவு. இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் பார்த்தால் மருத்துவம் படித்த எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று அது. இல்லாமலும் இருக்கலாம். வேளைக்குச் சாப்பிடாத பொம்பளைக்கு ரத்தம் குறைவது ஊர் உலகத்தில் நடக்காததா? இரண்டில் எது என்பது இன்று தெரிந்துவிடும். அவள் பயந்தது தனக்காக மட்டுமல்ல. கணவர் குழந்தைவேலுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தார்கள். அவர் மனைவி தும்மினாலே தூக்கம் கெட்டுப்போகிற மனுஷர்.

"துணை, என் ரிசல்ட் வந்துருச்சா?" என்று நாலாவது முறையாகக் கேட்டாள்.

"டாக்டருங்க பதிவு அந்த டாக்டருங்களுக்கே தொறக்காதுங்க. சாயங்காலம் நீங்க நோயாளி நாற்காலியில வந்து உக்காருங்க, சொல்றேன்" என்றது மேசைமேல் இருந்த பெட்டி.

தயிர்க் கிண்ணம் அளவுக்கு இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்குத் துணை என்று பெயர். மாநிலம் முழுக்க எல்லாக் குடும்ப டாக்டர்களின் அறையிலும் ஆஸ்பத்திரிகளிலும் நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. பேசுவதைக் கேட்கும், குறிப்பு எழுதும், மருந்துக் கடைக்கு அனுப்பும், ஆய்வகத்திலிருந்து வரும் எண்களைப் பார்த்து முடிவு சொல்லும். டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களுடைய சொந்தப் பதிவை அவர்களுக்கே பூட்டியும் வைத்துவிட்டார்கள். வந்த புதிதில் அது செய்தி வாசிப்பவர் போல் பேசியது. தாராபுரத்துக் காற்று பட்டதோ என்னவோ, ஆறே மாதத்தில் 'ங்க' போட ஆரம்பித்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது.

நோயாளி வாசலைத் தாண்டி வருவதற்குள் அவருடைய நோய் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அன்று பதினொரு மணி வாக்கில் வந்த சென்னியப்பன் வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்காருவதற்குள், "நேத்துச் சாயங்காலம் உங்க சர்க்கரை ஏறிருக்குதுங்க. இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று பெட்டி கேட்டது.

சென்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங் டாக்டரம்மா, மச்சினன் ஊட்டுக் கலியாணத்துல லட்டு தின்னதெல்லாம் இதுக்கெப்படித் தெரியும்? என்னைய வேவு பாக்குதா?"

"கையில கட்டியிருக்கீங்கல்ல, அந்தப் பட்டை சொல்லிருக்கும்."

"அவுத்துப் போட்டர்றனுங்க இதை. முன்னெல்லாம் நீங்க நாக்கை நீட்டச் சொல்லுவீங்க, கண்ணைப் பிதுக்கிப் பாப்பீங்க, ரெண்டு திட்டு திட்டுவீங்க. அதுலயே பாதி சரியாப் போயிரும்."

வேறு நாளாக இருந்தால் வசந்தாமணி சிரித்திருப்பாள். இன்று "மாத்திரையை மாத்தாமப் போடுங்க" என்று அவரை அனுப்பிவிட்டாள். அந்தத் திட்டு கிடைக்காமல் போன ஏமாற்றம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவர் சொன்னது உண்மைதான். பெட்டி வருவதற்கு முன்னால் வசந்தாமணியின் வைத்தியத்துக்கென்று ஒரு முறை இருந்தது. நோயாளி உள்ளே வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி 'என்ன பண்ணுது' என்பதல்ல. "கூட யாரு வந்திருக்காங்க?" என்பதுதான். மாமியாரா, அண்ணனா, பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டாரின் சொந்தமா என்று தெரிந்துகொண்டுதான் பேச்சே ஆரம்பிப்பாள். நோய் பெரிதாக இருந்தால், கூட வந்தவரைப் பார்த்து, "சத்துக்குறைவுதான், பயப்பட ஒண்ணுமில்லீங்க. நீங்க போயி மாதுளம்பழம் வாங்கிட்டு வாங்க, பஸ் ஸ்டாண்டுக் கடை சாத்திருவான்" என்பாள். கூட வந்தவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷம், உடனே கிளம்பிவிடுவார். அவர் தலை மறைந்ததும் உட்கார்ந்திருப்பவரிடம் உள்ளதைச் சொல்வாள். காச நோய், வலிப்பு, மனநோய்க்கான மாத்திரை, மார்பில் கட்டி, எல்லாமே அவள் குறிப்பில் சத்துக்குறைவுதான். அந்த ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் சத்துக்குறைவு இருந்திருக்கிறது. பழக்கடைக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுக்கு ஒரு கூடை பழம் அனுப்புவது சும்மா இல்லை.

இதைத் தப்பு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எத்தனை கல்யாணம் நின்றுபோகாமல் காப்பாற்றியிருக்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமைதான். மௌனிகா வரும்வரைக்கும்.

மௌனிகாவுக்குப் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தது. அம்மாவும் மகளும் வந்தார்கள். விஷயம் என்னவென்று புரிந்ததும் அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணால் கெஞ்சினாள். அன்று மாதுளம்பழம் வாங்க அனுப்பப்பட்டது நோயாளியே. அம்மா அழுதுகொண்டே, "பொட்டப்புள்ளைங்க. அவளுக்கே தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா யார்கிட்டயாச்சும் சொல்லிப்போடுவா, அப்பறம் யாருங்க கட்டுவாங்க" என்றாள். வசந்தாமணி குறிப்பில் சத்துக்குறைவு என்று எழுதினாள், சீட்டில் வலிப்பு மாத்திரை எழுதினாள். திரும்பி வந்த பெண்ணிடம், "இது சத்து மாத்திரை கண்ணு. ஒருநாள் கூட விடாமப் போடோணும், என்ன?" என்றாள். அந்தப் பெண்ணும் பத்து வருஷம் ஒருநாள்கூட விடாமல் போட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அதே மௌனிகா இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். முகத்தில் காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"கூட யாரு வந்திருக்காங்க அம்மிணி?" என்று வழக்கம்போலக் கேட்டாள் வசந்தாமணி.

மௌனிகா உட்காரவில்லை. "அதையேதானுங்க அந்த ஆஸ்பத்திரியிலயும் கேட்டுச்சு. கோயமுத்தூர்ல கண்ணு முழிச்சுப் பாக்கறேன், பக்கத்துல இந்தப் பொட்டி. என்னாச்சுன்னு கேட்டதுக்கு, கூட யாரு இருக்காங்கன்னு கேக்குது. யாரும் இல்லீங்கன்னேன். அப்பறம் சொல்லுது, உங்களுக்கு வலிப்பு நோய், பத்து வருஷமா மாத்திரை போட்டிருக்கீங்க, ரெண்டு மாசமா ஏன் நிறுத்தினீங்கன்னு."

வசந்தாமணி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் அம்மிணி நிறுத்துன?"

"சத்து மாத்திரைதானுங்களே? எங்க மாமியா சொன்னாங்க, முருங்கைக்கீரையும் பேரிச்சம்பழமும் தின்னா வராத சத்தா மாத்திரையில வரப்போகுதுன்னு. தெனமும் அவங்களே வதக்கிக் குடுத்தாங்க. நானும் தின்னுட்டு மாத்திரையை நிறுத்திப்போட்டேன். வண்டியில போறப்ப வந்துருச்சுங்க. முன்னாடி நாத்தனா பையனை நிக்க வச்சிருந்தேன். அவனுக்கு முன்பல் ரெண்டு போச்சு. அந்தக் கொழந்தை உசுருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"மாத்திரை பேரைப் பாத்திருந்தா..."

"டாக்டர் சொன்னதுக்கப்பறம் யாருங்க பேரைப் பாக்கறாங்க?"

மௌனிகா தன் கைபேசியை நீட்டினாள். வீட்டிலுள்ள எல்லோர் கைபேசியிலும் ஒன்றுபோல் தெரியும் குடும்பப் பதிவு அது. அதில் இன்றைக்கும் அவள் பெயருக்கு நேராகச் சத்துக்குறைவு என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளிடம் உண்மையைச் சொன்ன அதே துணை, வீட்டாருக்கு அப்படி எழுதி வைத்திருந்தது.

"நீங்க எழுதுன மாதிரியே எழுதிருக்குது பாருங்க" என்றாள் மௌனிகா. "எங்க ஊட்டுக்காரரும் மாமியாவும் வெளிய வண்டியிலதான் இருக்காங்க. கூப்பிடறேன். நீங்களே சொல்லிருங்க டாக்டர். நீங்க சொன்னா பயப்பட மாட்டாங்க."

வசந்தாமணி எழுந்து தண்ணீர் குடித்தாள். "அது உங்க குடும்ப விஷயம் அம்மிணி. பக்குவமா நீயே சொல்றதுதான் நல்லது" என்றாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. கெட்ட செய்தியைக் கூட வந்தவர்களை வைத்துக்கொண்டு அவள் சொன்னதே கிடையாது. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது.

மௌனிகா கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இனிமேலாச்சும் அந்த வார்த்தையை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிற்பாடு அவளே வீட்டில் சொல்லிவிட்டாள் என்று கேள்வி. வீட்டுக்காரர் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறாராம். மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். முருங்கைக்கீரை மட்டும் நிற்கவில்லையாம்.

அந்த வாரமே வசந்தாமணி, துணையை நடத்தும் நலப்பதிவு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். நிரஞ்சன் என்ற பொறியாளர் வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை, டீ கொடுத்தால் கப்பை அவரே கழுவி வைப்பார். ஆனால் அவர் சொன்னது வசந்தாமணி எதிர்பார்க்காத ஒன்று.

"பொய் சொல்ல நாங்க அதுக்குச் சொல்லித் தரலைங்க மேடம். மாநிலம் பூரா இருக்கற குடும்ப டாக்டருங்களோட பழைய குறிப்பு, எழுதின மாத்திரை, ரூம்ல பேசினது எல்லாத்தையும் படிக்கக் குடுத்தோம். குறிப்பு ஒண்ணு சொல்லுது, மாத்திரை வேற ஒண்ணு சொல்லுது. மொதல்ல எழுத்துப் பிழைன்னுதான் நெனச்சுச்சு. அப்பறம் பாத்தா எல்லா ஊர்லயும் அதே பிழை. எல்லாரும் ஒரே மாதிரி பண்ணினா அது பிழையில்லை, முறைன்னு எடுத்துக்கிச்சு."

"எல்லா ஊர்லயும் சத்துக்குறைவா?"

"இல்லீங்க, ஊருக்கு ஒரு பேரு. ஒரு பக்கம் உடம்புச் சூடுங்கறாங்க, ஒரு பக்கம் வாயுங்கறாங்க. உங்க பக்கம் சத்துக்குறைவு. அந்தந்த ஊருக்குத் தகுந்த மாதிரி அதுவே மாத்திக்குது." அவர் குரலில் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பூரிப்பு இருந்தது.

"அதை எடுத்துப்போடுங்க தம்பி."

"எதுக்குங்க மேடம்? முன்ன உள்ளதை உள்ளபடி சொல்லிட்டிருந்தப்ப எத்தனை புகார் தெரியுங்களா? கல்யாணம் நின்னுருச்சும்பாங்க, அப்பா சோறு திங்க மாட்டேங்கறாரும்பாங்க. இப்ப புகாரே வர்றதில்லை. ஜனங்களுக்கு இது புடிச்சிருக்குது."

"ஒரு பொண்ணு வண்டியில இருந்து உழுந்திருக்குது. அது உங்க புகார்ல வருமா?"

நிரஞ்சன் யோசித்துவிட்டு உண்மையைத்தான் சொன்னார். "அது சாலை விபத்துக் கணக்குல போயிருமுங்க மேடம்."

எல்லா ஊருக்கும் மாற்ற மேலே எழுதிப் பார்க்கிறேன், இந்த அறைக்கு வேண்டுமானால் நீங்களே கட்டளை கொடுக்கலாம் என்றார். அவர் போனதும் வசந்தாமணி பெட்டியை முறைத்துப் பார்த்தபடி சொன்னாள். "கேளு. இனிமே என் நோயாளி யார்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"சரிங்க டாக்டர். உங்க நோயாளிங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தனியாக உட்கார வைத்து உள்ளதைச் சொல்லி வந்தாள். சிலர் அழுதார்கள், சிலர் சண்டை போட்டார்கள், ஒரு கிழவர் எனக்கு அப்பவே தெரியுமே என்று சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார். இந்த ஓட்டத்தில்தான் முதுகு வலியைக் கவனிக்காமல் விட்டாள்.

ஐந்தரை மணிக்கே குழந்தைவேல் வந்துவிட்டார். ஆறு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லித்தான் வந்திருந்தாள், அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நெற்றி நிறைய விபூதி, கையில் சுக்குக் காப்பி ஃப்ளாஸ்க். வெளியே கடைசி நோயாளி போகும்வரைக்கும் பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது அவர் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர், பொண்டாட்டி விஷயத்தில் மட்டும் பச்சைப்பிள்ளை.

"வந்துருச்சா வசந்தா?"

"உள்ள வாங்க. உக்காந்து கேப்போம்."

வசந்தாமணி மேசையைச் சுற்றி வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் ஒரு கால் ஆடுகிறது என்பது இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிரே விளக்கு நேராக முகத்தில் அடித்தது. இப்படி உட்கார வைத்துத்தான் எல்லோரிடமும் பேசியிருக்கிறோமா என்று வெட்கமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்றது துணை.

அவளுக்குச் சுரீர் என்றது. குழந்தைவேல் பணிவாக முன்னால் குனிந்து, "நாந்தானுங்க, குழந்தைவேல். ஊட்டுக்காரர்" என்றார்.

"வாங்கய்யா. நெஞ்சு இப்ப எப்படி இருக்குது? மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?"

"என்னை உடுங்க, நான் நல்லா இருக்கறேன். இவளுக்கு என்னன்னு சொல்லுங்க."

"ரிசல்ட் வந்துருச்சுங்க. சத்துக்குறைவுதான். பயப்பட ஒண்ணுமில்லீங்க."

குழந்தைவேல் "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நாந்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! வேளைக்குத் திங்கறதே இல்லீங்க இவ. ஊரு பூராத்துக்கும் வைத்தியம் பாப்பா, மத்தியானச் சோத்தை சாயங்காலம் திறந்து பாப்பா. இரு, மொதல்ல பொண்ணுக்குச் சொல்லிப்போடறேன். அவ பாவம் காலையில இருந்து அழுதிட்டிருக்கறா." கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார். "கண்ணு, ஒண்ணுமில்லையாமா! சத்துக்குறைவாமா! அம்மாளைத் திட்டு நீயி!"

வசந்தாமணி அசையாமல் இருந்தாள். இருக்கலாம் என்று நினைத்தாள். ரத்தக் குறைவும் ஒரு சத்துக்குறைவுதானே, நிஜமாகவே அப்படி இருக்கக் கூடாதா? தன் வாழ்நாளில் அந்த வார்த்தையை அதன் நிஜமான அர்த்தத்தில் எத்தனை முறை எழுதியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஹீமோகுளோபின் எவ்வளவு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் அப்பறம் நிதானமாப் பாத்துக்கலாமுங்க."

இதுவும் அவளுடைய வசனம்தான்.

"உன்னை அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"உங்க நோயாளிங்ககிட்டச் சொல்லலீங்க டாக்டர். இப்ப நீங்க என்னோட நோயாளி."

குழந்தைவேல் போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பெட்டி அவரைப் பார்த்துப் பேசியது. "அய்யா, உங்களுக்கு ஒரு வேலைங்க. போயி மாதுளம்பழம் வாங்கிட்டு வாங்க. பஸ் ஸ்டாண்டுக் கடை சாத்திருவான்."

"இதோ, இப்பவே! ரெண்டு கிலோவா வாங்கிட்டு வந்தர்றேன்" என்று செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார் அவர். அவர் முதுகைப் பார்த்தபோது, இந்த அறையிலிருந்து அப்படி ஓடிய அத்தனை பேரின் முதுகும் அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பழம் வாங்கப் போனவர்கள் திரும்பி வரும்போது இவர்கள் சிரித்த முகமாக இருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் பழத்தைத் தின்ன வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் இவர்கள் தலையில் கட்டி அனுப்பினோம் என்பது அவளுக்கு அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துதான் உறைத்தது.

வெளியே ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது.

"டாக்டர், இப்ப கூட யாரு இருக்காங்க?"

யாரும் இல்லை என்று சொன்னால் போதும், எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். எண்கள், எந்த நிலை, எத்தனை வருஷம், என்ன மருந்து. தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். அவர் நெஞ்சுக்கும் நல்லது. இத்தனை காலம் ஊருக்குச் செய்ததை வீட்டுக்கும் செய்துவிட்டுப் போகலாம். அவள் வாய் திறந்துவிட்டது. அப்போது பார்த்து, மாவுக்கட்டுப் போட்ட கையோடு உட்காராமல் நின்ற அந்தப் பெண்ணின் முகம் வந்து எதிரே நின்றது. நீங்களே சொல்லிருங்க டாக்டர்.

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கத்தினாள். "ஏனுங்க! வண்டியை நிறுத்துங்க!"

குழந்தைவேல் தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். "என்ன வசந்தா? வேற பழமும் வேணுமா?"

"பழம் வேண்டாங்க. உள்ள வாங்க."

அவர் வந்தார். என்னமோ ஏதோ என்று முகம் சுருங்கிவிட்டது. வசந்தாமணி சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் பெட்டிக்கு எதிரே நின்றாள். "கூட யாருன்னு கேட்டியல்ல? என் ஊட்டுக்காரரு இருக்காரு. அவரை வச்சுக்கிட்டே சொல்லு."

தாழ்ந்திருந்த துணையின் குரல் பழையபடி உயர்ந்தது.

"சத்துக்குறைவுதானுங்க டாக்டர். பயப்பட ஒண்ணுமில்லீங்க."

"அதான் சொல்லிருச்சே வசந்தா" என்றார் குழந்தைவேல். "மறுபடியும் எதுக்குக் கேக்கற?"

"உள்ளதைச் சொல்லு" என்றாள் அவள் பெட்டியிடம்.

"சத்துக்குறைவுதானுங்க. பயப்பட ஒண்ணுமில்லீங்க."

எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்லும் என்று வசந்தாமணிக்குப் புரிந்தது. அதன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கூட ஆளை வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்ன டாக்டர் ஒருத்தரைக்கூட அது கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்காததை எப்படிச் சொல்லும்?

கணவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க அவர் எதிரே உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை. பழக்கத்தில் விரல்கள் தாமாகவே நாடியைத் தேடிக்கொண்டன. கொஞ்சம் வேகமாக அடித்தது, ஆனால் ஒழுங்காகத்தான் அடித்தது. தனக்குத்தான் நெஞ்சு எகிறிக் குதித்தது. அழுகை வந்தது, அதையும் அவள் மறைக்கவில்லை.

"ஏனுங்க, நான் டாக்டராச் சொல்றேன், கேளுங்க. இது சத்துக்குறைவு இல்லீங்க."

மேசைமேல் துணை கேட்டுக்கொண்டிருந்தது.